தெருநாய் குறித்து மாப்பிள்ளைக்கு அளித்த உறுதிமொழி

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். என் வலது முழங்காலை மட்டும் இக்கூற்றிலிருந்து விலக்கிக்கொள்ளவும். அங்கு நீங்களும் என் மகளும் பேத்தியும் சுகமென்றே நம்புகிறேன். குழந்தை பிடிமானமில்லாமல் நடக்கிறாள் என்று கேள்விப்பட்டது முதல், அந்த நடையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று கிடந்து தவிக்கிறேன். ஆயினும், அவளை இப்போது அழைத்து வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதே இக்கடிதத்தின் நோக்கம்.

"தெருவுல நாய் இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா, அடுத்த பஸ்ல ஏறிடறோம்" என்று தாங்கள் விதித்த நிபந்தனை முற்றிலும் நியாயமானது. சென்ற வாரம் தொலைபேசியில் "தெரு சுத்தம், புறப்படுங்கள்" என்று நான் அளித்த உறுதியும் அன்றைய நிலவரப்படி உண்மையே. அதை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன்.

நான் எடையளவு ஆய்வாளன் என்பது தாங்கள் அறிந்ததே. என் தலையைக் கண்டால் கடைத்தெருவே தராசைத் துடைத்து நிமிர்த்தி வைக்கும். அப்படிப்பட்ட நான், வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தத்தை அடைவதற்குள் எப்படிச் சீரழிகிறேன் என்பதைத் தங்களிடம் இதுவரை மறைத்தே வந்துள்ளேன். ஓடினால் தெரு நாய்கள் துரத்தும், நின்றால் மோப்பம் பிடிக்கும் என்பதால், ஓட்டமும் அல்லாத நிற்றலும் அல்லாத ஒரு நடையை நானே வகுத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி போவேன். பின்னால் அவை வரும். மூச்சுக்காற்று கெண்டைக்காலில் படும். பட்டதும் வகுத்த நடையெல்லாம் காற்றில் போய், எதிரிலிருக்கும் தையற்கடைக்குள் பாய்ந்து ஏறிவிடுவேன். கடைக்காரம்மா நல்லவர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. "என்னண்ணே, இன்னொரு பேண்ட்டா?" என்பார். நாலு பேர் முன்னிலையில் நாய்க்குப் பயந்து வந்தேன் என்று எப்படிச் சொல்வது? "ஆமாம்மா, அளவெடுங்க" என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். இவ்வாறு எனக்குத் தேவையற்ற பேண்ட்டுகள் ஒரு பீரோ நிறையச் சேர்ந்துவிட்டன.

பேத்திக்காகத்தான் துணிந்து நகராட்சிக்கு மனு எழுதினேன். வலையோடு வண்டி வந்தது, அள்ளிப்போட்டது, போயிற்று. தெரு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. தங்களுக்குத் தொலைபேசி செய்தது அந்த மயக்கத்தில்தான். மறுநாள் காலை கதவைத் திறந்தால், சந்தைப் பக்கத்திலிருந்து மூன்று புது நாய்கள் வந்து நடுத்தெருவில் நிற்கின்றன. பழையவையாவது பின்னால் வரும். இவை வரவில்லை, குரைக்கவும் இல்லை. தலையைத் தாழ்த்தி என்னையே பார்த்தன. அன்று விடுப்பு எடுத்துக்கொண்டேன். அடுத்த நாளும்.

இந்த நிலையில் நகராட்சி வண்டி திரும்பி வந்தது. "கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு சார், வெறிநாய் ஊசி போட்டாச்சு, அடையாளத்துக்குக் காதுல ஓரமா வெட்டியிருக்கோம். பிடிச்ச தெருவுலயே விட்டுடணும், அதான் ரூல்ஸ்" என்றார் ஓட்டுநர். ஏன் என்று கேட்டேன். "இடம் காலியா இருந்தா வேற கும்பல் வந்து உக்காந்துக்கும் சார்" என்று அந்த மூன்றையும் சுட்டிக் காட்டினார். விதியில் குறை காண முடியவில்லை. அதுதான் கொடுமை, மாப்பிள்ளை!

வண்டியில் மூன்று தெருக்களின் நாய்கள் கலந்திருந்தன. தெருப்பெயர் எழுதிக் கழுத்தில் கட்டிய அட்டைகளை வழியிலேயே ஒன்றுக்கொன்று கடித்துத் தின்றுவிட்டனவாம். "மனு போட்டது நீங்கதானே? உங்க தெரு நாய் எதுன்னு காட்டுங்க" என்கிறார். நான் எங்கே அவற்றின் முகத்தைப் பார்த்தேன்? வானத்தையல்லவா பார்த்தேன்! தையற்கடை அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "அண்ணனை அந்தக் கூண்டுப் பக்கமா நடக்க விடுங்கப்பா, அதுங்களே சொல்லிடும்!"

நடந்தேன். வேறு வழி? கால் ஒரு பக்கம் போகுது, உசிரு ஒரு பக்கம் போகுது. கூண்டுகளில் பாதி உறுமின. ஐந்து மட்டும் கம்பியில் மூக்கைத் திணித்துக்கொண்டு, வால் அறுந்துவிடும்போல ஆட்டி, அழுகிற மாதிரி ஊளையிட்டன. "அஞ்சும் உங்களுது சார்" என்று திறந்துவிட்டார். "என்னுடையவை அல்ல, தெருவினுடையவை" என்று திருத்தினேன். யார் காதில் விழுந்தது? ஐந்தும் பாய்ந்து வந்து என்னைச் சுற்றிக்கொண்டன. ஒன்று என் கையை நக்கியது. அலறினேன் என்று உங்கள் அத்தை சொல்கிறாள், எனக்கு நினைவில்லை.

ஆக, இன்றைய நிலவரப்படி தெருவில் நாய்கள் எட்டு. இந்தக் கணக்கில் பேத்தியை எப்படிக் கூப்பிடுவேன்? ஆசை ஒரு பக்கம் இழுக்கிறது, பயம் அதைவிடப் பலமாக இழுக்கிறது. வர வேண்டாம், மாப்பிள்ளை. என் மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். குழந்தை எதிலும் இடிக்காமல், எதற்கும் அஞ்சாமல் நடந்து பழக என் ஆசிகள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: இக்கடிதத்தைப் பெட்டியில் போடச் சென்று, போடாமல் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். அஞ்சல் பெட்டியை மறித்து அந்த மூன்றும் நின்றன. ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தது. கால்கள் மண்ணில் புதைந்துவிட்டன. அப்போது என் பின்னால் வந்துகொண்டிருந்த ஐந்தும் முன்னால் போய், எனக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றுகொண்டன. ஒரே உறுமல்தான். மூன்றும் சந்தைப் பக்கம் ஓடியவை திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஐந்தும் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலில் படுத்திருக்கின்றன. எனவே மேலே எழுதிய அனைத்தையும் ரத்துசெய்கிறேன். பேத்தியைக் கூட்டிக்கொண்டு உடனே வாருங்கள். தெருமுனையில் இறங்கியதும் ஒரு குரல் கொடுங்கள். நாங்கள் ஆறு பேரும் வந்து அழைத்துச் செல்கிறோம். நீங்கள் யாரும் பயப்பட வேண்டாம். அந்த வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.