மூக்குக்கண்ணாடியைப் பொதிசெய்த கை

இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சொல்கிறவர் வயதில் மூத்தவர். இந்த வயதிலும் ஒன்றுகூட ஆடாத தம் சொந்தப் பற்கள் முப்பத்திரண்டின் மீதும் சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறார். இனிச் சந்தேகப்பட்டால் அது வாசிக்கிறவர்களின் பாவம்.

வெள்ளிக்கிழமை காலை, கங்காரு நாட்டுப் புறநகரான செவன் ஹில்ஸில் இரத்தினசிங்கத்தின் ரோல்ஸ் தொழிற்சாலையில், ரோபோக் கை முதலாளியின் மூக்குக்கண்ணாடியை மேசையிலிருந்து தூக்கிப் பெட்டிக்குள் வைத்தது. அதற்கு மேல் மட்டன் ரோல்ஸை ஒழுங்காக அடுக்கியது. மூடியது. ஒட்டியது. ‘குளிரில் வைக்கவும்’ என்ற சீட்டையும் குத்திக் குளிரறைக்கு அனுப்பிவிட்டது.

“தம்பி செந்தூரன்! என்ர கண்ணாடி எங்கை?”

“பெட்டிக்குள்ளை, அங்கிள்.”

“எந்தப் பெட்டிக்குள்ளை?”

செந்தூரன் குளிரறையைத் திரும்பிப் பார்த்தான். காலையிலிருந்து கட்டிய பெட்டிகள் எல்லாம் ஒரே முகத்தோடு கூரைவரை அடுக்கியிருந்தன.

“பிறகு எடுத்துத் தாறன், அங்கிள். சின்னப் பிழை ஒண்டு.”

“எனக்கு இப்ப உம்மட முகமே புகையாத் தெரியுது. இது சின்னப் பிழையோ?”

செந்தூரன் முன்பு ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருந்தவன். அங்கே ஆள்குறைப்பு வந்தபோது முதலில் குறைந்த ஆள் அவன்தான். எட்டுத் திசையிலும் விண்ணப்பம் போட்டுக் களைத்த பிறகு, ரோல்ஸ் பொதிசெய்யும் இந்தக் கையைப் பழக்கும் வேலை கிடைத்தது. அவன் மனைவி மயூரா கோயிலில் எல்லோரிடமும் “இவர் இப்ப ரோபோ எஞ்சினியர்” என்று சொல்லியாயிற்று. ரோல்ஸ் என்ற சொல்லை அவள் எடுக்கவில்லை.

அன்றோடு அவனுடைய தகுதிகாண் காலம் முடிகிறது. அன்றைக்கே பதினொரு மணிக்குப் பெரிய சூப்பர்மார்க்கெட் ஒன்றிலிருந்து ஒரு பெண் அதிகாரி கையைப் பார்க்க வருகிறார். இரத்தினசிங்கம் தெளிவாகச் சொல்லியிருந்தார்:

“அவ ஓம் எண்டால் நீர் நிரந்தரம். இல்லையெண்டால் இந்தக் கையைத் திருப்பி அனுப்ப லொறி வரும். நீரும் அதிலையே ஏறிப் போம்.”

கையில் குறை இல்லை. குறை தராசில். இரத்தினசிங்கம் அதை ஏலத்தில் மலிவாக எடுத்திருந்தார். ஒவ்வொரு ரோலும் ஓடும் பட்டியில் வரும்போது தராசு அதை நிறுத்துப் பார்த்து, “வந்திட்டுது, தூக்கு” என்று கைக்குச் செய்தி அனுப்ப வேண்டும். ஆனால் அந்தக் கிழட்டுத் தராசு உலகத்தில் மற்ற இயந்திரங்கள் விலாசம் எழுதும் முறையை ஒருநாளும் பழகவில்லை. அது பாட்டுக்குக் கத்தும். கைக்குக் கேட்காது. கேட்க வைப்பதற்காகச் செந்தூரன் முதல்நாள் பின்னேரம் கையின் மென்பொருளில் ‘ரோ சொக்கெற்’ என்ற ஒன்றைச் சேர்த்தான்.

“அது என்ன தம்பி?”

“சாதாரண சொக்கெற் எண்டால் வீட்டுத் தபால்பெட்டி மாதிரி, அங்கிள். எங்கட விலாசத்துக்கு வாற கடிதம் மட்டும்தான் விழும். ரோ சொக்கெற் எண்டால் தபால்காரன் முழு ரோட்டுக்கும் வாற கடிதங்களை அப்பிடியே சாக்கோடை கொண்டுவந்து எங்கட ஹோலுக்குள்ளை கொட்டுவான். நாங்கள்தான் பொறுக்கிப் பார்க்கோணும்.”

“மற்ற ஆக்களின்ர கடிதமுமோ?” இரத்தினசிங்கத்தின் முகம் மலர்ந்தது. “அது நல்ல விசயமெல்லே!”

“இல்லை அங்கிள், இது ரியல் டைம். ஒவ்வொரு செய்தியும் சொன்ன நேரத்துக்கு வந்தே தீரவேணும். ஒரு துளி பிந்தினாலும் கை பிழைச்சுப் போகும்.”

“சொன்ன நேரத்துக்கோ? அப்ப இது எங்கட ஆக்கள் செய்த சாமான் இல்லை.”

தராசின் குரல் கைக்குக் கேட்டது. அதோடு மற்ற எல்லோருடைய குரலும் கேட்டது. ஏனென்றால் இரத்தினசிங்கம் சிக்கனக்காரர். தொழிற்சாலை முழுவதற்கும் ஒரே இணைப்பு. வெள்ளி காலை அவருடைய டப்லெற்றில் ஊர்க் கோயில் தேர்த்திருவிழா நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் வந்த ஒவ்வொரு துணுக்கையும் கை “ரோல் வந்திட்டுது” என்றே எடுத்துக்கொண்டது. தேர் இருப்பிடத்தை விட்டு அசைந்தபோது கையும் அசைந்தது. வடத்தைப் பிடித்து ஊரே இழுத்தபோது கை பேய் பிடித்ததுபோலத் தூக்கியது. பட்டியில் அடுத்த ரோல்ஸ் இன்னும் வந்து சேரவில்லை. பக்கத்தில் கண்ணாடி இருந்தது.

“டப்லெற்றை நிப்பாட்டுங்கோ, அங்கிள்.”

“தேர் பாதி வழியிலை நிக்குதடாப்பா!”

“அங்கிள்!”

தேர் நின்றது.

செந்தூரன் அவசரமாக ஒரு திருத்தம் எழுதினான்: தராசும் கையும் சேர்ந்த இயந்திரத்துக்குள்ளே இருந்து வரும் பேச்சை மட்டும் கேள், வெளியார் பேச்சைக் கேட்காதே. நல்ல புத்திமதிதான். ஆனால் கை ஒவ்வொரு ரோலையும் தூக்கியதும் “தூக்கிட்டன்” என்று பதில் சொல்லும். ரோ சொக்கெற் அந்தப் பதிலையும் பிடித்துக் கையிடமே கொண்டுவந்து கொடுத்தது. தன் குரலைத் தானே கேட்ட கை மறுபடி தூக்கியது. மறுபடி சொன்னது. மறுபடி கேட்டது. கலியாண வீட்டில் மைக் கிடைத்த மாமாவைப்போல அதற்கு நிறுத்தத் தெரியவில்லை.

“ஐயோ தம்பி!” குசினியிலிருந்து ரோல்ஸ் பொரிக்கும் ரஞ்சினி ஓடிவந்தார். “என்ர சோத்துப்பெட்டியைக் கொண்டு போகுது!”

“விட்டிடுங்கோ அன்ரி, இழுக்காதேங்கோ!”

“விடுறதோ? உள்ளுக்கை றால் பொரியல் கிடக்கு!”

கைதான் வென்றது. றால் பொரியலுக்கும் ‘மட்டன் ரோல்ஸ்’ என்று சீட்டு விழுந்தது.

யார் எப்போது என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்தால்தானே திருத்தலாம்? செந்தூரன் ஒவ்வொரு செய்தியையும் திரையில் எழுதிக் காட்டச் சொன்னான். எழுத நேரம் எடுக்கும். அந்தச் சிறு நேரத்தால் கை பிந்தியது. பெட்டி கடந்து போன பிறகு, பெட்டி இருந்த இடத்தில் ரோல்ஸை மிகப் பவ்வியமாக வைத்தது. ரோல்ஸ் நிலத்தில் விழுந்தது.

“இப்பதான் அது எங்கட ஆள் மாதிரி வருது,” என்றார் இரத்தினசிங்கம், ஒன்றும் தெரியாமலே சத்தத்தை வைத்து.

கடைசியில் செந்தூரன் எல்லாத் திருத்தங்களையும் கழற்றி எறிந்தான். காலையில் இருந்தபடியே விட்டுவிட்டு, தொழிற்சாலையில் இருந்த தொலைபேசி, டப்லெற், பிரின்ரர், கமரா எல்லாவற்றையும் அணைத்தான். இப்போது அந்த இணைப்பில் பேசுவதற்குத் தராசைத் தவிர ஆளில்லை. கை பட்டுப்போல வேலை செய்தது. செந்தூரன் நெற்றியைத் துடைத்தான்.

“அங்கிள், அவ வந்து போகுமட்டும் ஒருத்தரும் ஒண்டையும் போடக்கூடாது.”

“நான் ஏன் போடுறன்? எனக்குத்தான் கண்ணே தெரியேல்லையே.”

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பதினொரு மணிக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. நேர்த்தியான உடுப்பு. கழுத்தில் நாடா, நாடாவில் அடையாள அட்டை. எல்லா அட்டைகளையும் போல அதுவும் வெள்ளைப் பக்கத்தை வெளியே காட்டிக்கொண்டிருந்தது. அது எழுத்துப் பக்கத்தைக் காட்டியிருந்தாலும் இரத்தினசிங்கத்துக்குப் பயன் இல்லை.

“வணக்கம் அங்கிள். என் பேர் ஹரிப்பிரியா. ஒரு நிமிஷம், நான் வந்து...”

“தமிழ்ப் பிள்ளையோ!” இரத்தினசிங்கம் கூவினார். “வாங்கோ, வாங்கோ! ரஞ்சினி, கதிரையைக் கொண்டு வாரும். இருங்கோ பிள்ளை. முதல்லை தேத்தண்ணி, கதை பிறகு.”

“இல்ல அங்கிள், நான் எதுக்கு வந்தேன்னா...”

“அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். நீங்கள் முதல்லை ஒரு ரோல்ஸ் கடியுங்கோ.”

கடித்தாள். வாய் நிறைந்திருந்ததால் மேற்கொண்டு பேசவில்லை. முகம் மட்டும் மாறியது.

“ரொம்ப நல்லா இருக்கு அங்கிள்!”

“இன்னொண்டு வையும், ரஞ்சினி!”

மூன்றாவதை விழுங்கிவிட்டு அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “இன்னும் எவ்வளவு நேரம் ஆகுமோ?” என்று முணுமுணுத்தாள்.

“இந்தா, இப்ப தொடங்குறம், மேடம்,” என்று செந்தூரன் பொத்தானை அமுக்கினான்.

பட்டி ஓடியது. தராசு சொன்னது. கை தூக்கியது, வைத்தது, மூடியது, ஒட்டியது. ஹரிப்பிரியா வாயில் கை வைத்தாள். “அய்யோ, என்ன அழகா வைக்குது! என் பொண்ணுக்குக் காட்டணும்.” தொலைபேசியை எடுத்தாள். “இங்க சிக்னலே இல்லையே.”

“அதுக்கென்ன பிள்ளை!” விருந்தாளிக்கு ஒரு குறை வர இரத்தினசிங்கம் விட மாட்டார். எல்லாவற்றையும் அணைத்த செந்தூரன் தொடாமல் விட்ட ஒன்றே ஒன்று சுவரில் இருந்த வைஃபைப் பெட்டி. “எங்கட வைஃபையைப் போடுங்கோ. பாஸ்வேர்ட், மட்டன்ரோல்ஸ், எல்லாம் சின்ன எழுத்து.”

செந்தூரன் “அங்கிள்!” என்று கத்துவதற்குள் அந்தப் பக்கத்தில் மகள் “ஹாய் மம்மி” என்றாள்.

நேரலைத் தேரையாவது கை ஒருவழியாகத் தாங்கியிருந்தது. இரண்டு பக்கமும் படமும் குரலுமாகப் பேசுகிற தாயையும் மகளையும் அதனால் தாங்க முடியவில்லை. ரோல்ஸ் பறந்தது. ஒன்று கூரையில் அப்பியது. ஒன்று திறந்திருந்த பெரிய கதவால் வெளியே போக, வேலியில் இருந்த வெள்ளைக் கொக்கட்டூக் கிளி ஒன்று அதை நடுவானில் பிடித்துத் தின்றுவிட்டு, போய்த் தன் இனசனம் முழுவதையும் கூட்டிவந்தது. மிளகாய் காரம் என்று ஒரு பறவைகூட முகம் சுளிக்கவில்லை. கை கடைசியாக ஹரிப்பிரியாவின் கைப்பையைத் தூக்கியது. வைத்தது. மூடியது. ஒட்டியது. சீட்டும் குத்தியது.

செந்தூரன் மின்சாரத்தை நிறுத்தினான்.

கொக்கட்டூகள் மென்றுகொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. இரத்தினசிங்கம் கதிரையைத் தடவிப் பார்த்து அமர்ந்தார். செந்தூரனுக்கு மயூராவின் முகம் நினைவுக்கு வந்தது. கோயிலில் அவள் இனி என்ன சொல்லுவாள்?

“அங்கிள், பரவாயில்லை,” என்றான். “லொறிக்குச் சொல்லுங்கோ. கையை நானே கழட்டித் தாறன்.”

“கழட்டும், தம்பி,” என்றார் அவர், மெல்ல.

செந்தூரன் குனிந்து முதல் ஆணியைத் தளர்த்தும்போது, பக்கத்து டயர் கடைக் கிரண் கறுத்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கதவால் எட்டிப் பார்த்தான்.

“ஹரிப்பிரியா மேடம், இங்கயா இருக்கீங்க? நாலு டயரும் மாத்தியாச்சு, வண்டி ரெடி.”

செந்தூரன் நிமிர்ந்தான்.

“பிள்ளை,” என்றார் இரத்தினசிங்கம், “நீங்கள் சூப்பர்மார்க்கெட் இல்லையோ?”

“இல்ல அங்கிள். நான் வெஸ்ட்மீட்ல ஆஸ்பத்திரியில வேலை பாக்கறேன். இவர் கடையில உட்கார இடமில்ல. இங்க கொஞ்சம் உட்காரலாமான்னு கேக்கத்தான் வந்தேன்.”

“அதை முதல்லையே சொல்லியிருக்கலாமே!”

“எங்க விட்டீங்க? வாயைத் திறந்தா ரோல்ஸ்!”

“வாசலுக்கு வந்த ஆளிட்டை, ஆரைத் தேடி வந்தனீங்கள் எண்டு கேக்கிறது ஒரு மரியாதையோ, பிள்ளை?”

செந்தூரன் கையில் இருந்த திருகாணியைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான். ரோபோக் கையைப் பார்த்தான். பிறகு அந்த ஆணியைத் திரும்ப இறுக்கிவிட்டுக் கணினிக்கு ஓடினான்.

அணைத்த தொலைபேசியை இரத்தினசிங்கம் போட்டதும் அது அடித்தது. உண்மையான அதிகாரி. நெடுஞ்சாலையில் விபத்து, கார் ஊருகிறதாம். திங்கட்கிழமை வந்தால் பிழையோ என்று மிகவும் மன்னிப்புக் கேட்டார்.

“நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்!” என்று இரத்தினசிங்கம் எழுந்து நின்றே சொன்னார். வைத்ததும் நெஞ்சைத் தடவினார். “வெள்ளைக்காரி தம்பி. ஆனால் எங்கட ஆள் மாதிரிப் பிந்துறா. நல்லா இருக்கட்டும்.”

செந்தூரன் எழுதியது ஒரே வரி. எது வந்தாலும் வாசலிலேயே மறித்து, நீ தராசின் செய்தியா என்று கேள். இல்லையென்றால் உள்ளே எடுக்காதே. டப்லெற்றைப் போட்டார்கள். தேர் இருப்பிடத்துக்கு வந்து சேர்ந்தது. ஹரிப்பிரியா மகளோடு பேசினாள். ரஞ்சினி சத்தமாகப் பாட்டுப் போட்டார். கை ரோல்ஸை மட்டும் தூக்கியது.

மத்தியானம் முழுவதும் எல்லோருமாகக் குளிரறைப் பெட்டிகளை உடைத்தார்கள். கிரணும் வந்து உடைத்தான். கைப்பை கிடைத்தது. றால் பொரியல் கிடைத்தது. கண்ணாடி கடைசிப் பெட்டியில், ரோல்ஸுக்கு அடியில், எண்ணெய் பூசிக்கொண்டு கிடந்தது. இரத்தினசிங்கம் அதைத் துடைத்துப் போட்டுச் செந்தூரனின் முகத்தை நீண்ட நேரம் பார்த்தார்.

“இப்பதான் வடிவாப் பாக்கிறன், நீர் சின்னப் பெடியனடாப்பா,” என்றார். “திங்கள் வெள்ளனக் கிளம்பி வாரும்.”

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். இரத்தினசிங்கம் வாசலிலேயே கையை விரித்து மறித்து, “யாரைத் தேடி வந்தனீங்கள்?” என்று கேட்டு, அட்டையின் இரண்டு பக்கத்தையும் வாசித்த பிறகுதான் தேத்தண்ணிக்குச் சொன்னார். கை ஒரு ரோலைக்கூடத் தவறவிடவில்லை. அதிகாரி ஓம் என்றார். செந்தூரன் நிரந்தரம் ஆனான். கொக்கட்டூகள் மட்டும் இன்றுவரை அந்த வேலியில் வந்து காத்திருக்கின்றன.

சத்தியம் செய்த அந்தப் பற்கள் முப்பத்திரண்டும், இதை எழுதும்போது, கட்டிலருகே ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் இருக்கின்றன.