உள்பக்கம் தேய்ந்த டயர்

தெரியாதவன் கேட்டுத் தெரிந்துகொள்வான். தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்பான். ஆறு மாத கோர்ஸ் முடித்தவன் இருக்கிறானே, அவன்தான் விளக்கம் சொல்வான். நான் இரத்தினபுரியில் ஆறு மாத மோட்டார் கோர்ஸ் முடித்தவன். (சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு எங்கள் லயத்து வரிசை வீட்டில் மாட்டியிருந்தேன். சாமி படத்துக்குச் சற்று மேலே.)

தொண்ணூறுகளின் கடைசி. கலவானைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் ஊரில் மழை வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். வந்தால் வருஷம் முழுக்க இருக்கும். அப்படிப்பட்ட மலையில் தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரை ஒரு படகு வாங்கினார். அதை ஏற்றிக்கொண்டு போக இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்றும் சேர்ந்து வந்தது. கீழ்நாட்டுக் குளங்களில் மீன் பிடிக்க வேண்டும் என்பது துரையின் ஆசை. ஒவ்வொரு லீவுக்கும் ஜீப்பில் கட்டி இழுத்துக்கொண்டு புறப்படுவார். பெல்மதுளைக்குப் போவதற்குள் எங்காவது மண் சரிந்திருக்கும், இல்லாவிட்டால் ஆறு பெருகி ரோட்டுக்கு வந்திருக்கும். திரும்பி வந்துவிடுவார். அந்தப் படகு பெல்மதுளைச் சந்தியைப் பல தடவை பார்த்தது. குளத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மற்ற நாளெல்லாம் பங்களாவுக்குப் பின்னால் ஒரு தார்ப்பாய்ப் படங்கைப் போர்த்திக்கொண்டு மழையில் நின்றது.

குளம் பார்க்காத படகு இரண்டு ஜோடி டயரைத் தின்றுவிட்டது. அதுவும் முறைகேடாக. வெளிப்பக்கம் கடையில் வாங்கிய மாதிரியே இருக்கும். உள்பக்கம் நூல் தெரியத் தேய்ந்திருக்கும். துரை என்னைக் கூப்பிட்டார்.

"மோகன், நீ மோட்டார் படிச்சது தானே? இந்த டயர் ஏன் இப்படி?"

"சக்கரம் ரெண்டையும் சேக்கிற எக்சல் வளைஞ்சிருக்குங்க துரை. சக்கரத்து தலை உள்ள சாயுது. அதனால உள்பக்கம் தேயுது." பார்த்த மாத்திரத்தில் சொன்னேன்.

"ஹரி," என்று சிங்களத்தில் சரி சொன்னார். "செஞ்சு காட்டு. சரியா வந்தா வேர்க்‌ஷாப்ல ஒரு எடம் இருக்கு. வரலேன்னா கணக்கப்பிள்ளைகிட்ட பேர் பதி."

பேர் பதிவது என்றால் மலையில் கூலி வேலை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்துக்கொண்டு அட்டைக்கு இரத்தம் கொடுக்கிற உத்தியோகம். எனக்கோ வேர்க்‌ஷாப்பின் நீலச் சட்டை வேண்டும். அம்மா அதற்குள் லயம் முழுக்க, "எங்க மோகனுக்கு வேர்க்‌ஷாப்புல வேலையாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவள் தலை குனியாமல் இருப்பது இப்போது ஒரு எக்சலின் கையில் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் கண்டுபிடிப்பு சரி. எக்சல் வளைந்துதான் இருந்தது. அது ஏன் வளைந்தது என்று மட்டும் நான் கேட்கவில்லை. கோர்ஸில் அந்தப் பாடம் வந்த அன்று எனக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரெக்டர் ஓட்டும் செல்லையா அண்ணனைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். ஜாக்கி வைத்துத் தூக்கப் பார்த்தோம். ஜாக்கி முனகியது, ட்ரெய்லர் அசையவில்லை.

"என்ன தம்பி, இம்புட்டு பாரமா இருக்கு?"

"ஜாக்கி பழசுண்ணே."

இன்னொரு ஜாக்கி வந்தது. அதன் அடியில் வைத்த பலகை பிளந்தது. "பலகை சொத்தைண்ணே" என்றேன். ஒரு வழியாக எழும்பியபோது படகுக்குள் என்னவோ களுக்கென்று ஆடியது. அண்ணன் காதைத் தீட்டினார். "பெட்ரோல் டேங்குதான். அரை டேங்க் இருந்தா அப்படித்தான் ஆடும்" என்று விளக்கினேன். (அந்தப் படகின் டேங்கைக் கழற்றிப் பங்களா ஸ்டோரில் வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.) படங்கின் ஓரத்திலிருந்து கொசுக்கள் கூட்டமாகக் கிளம்பின. அதற்கும் ஏதோ விளக்கம் சொன்னேன். இப்போது மறந்துவிட்டது. நல்ல விளக்கமாகத்தான் இருந்திருக்கும்.

எக்சலைக் கழற்றிச் சூடு காட்டி, அடித்து, நூல் பிடித்து நேராக்கினேன். புது டயர் போட்டேன். சக்கரம் இரண்டும் பள்ளிக்கூடத்து முதல் வரிசைப் பிள்ளைகள் போல நிமிர்ந்து நின்றன. அதோடு விட்டிருக்கலாம். படகின் பின்பக்கம், அடியில், பித்தளை மூடி ஒன்று கண்ணில் பட்டது. அதைச் சுற்றி ஈரம் கசிந்து சொட்டிக்கொண்டிருந்தது.

படகின் அடியில் ஓட்டையா? எந்த மடையன் இதை இப்படித் தளர்வாக விட்டது? தண்ணீரில் இறக்கினால் துரையின் கதி என்னாவது? எனக்குக் கோபமே வந்துவிட்டது. மூடியைச் சுற்றி நூல் சுற்றி, கிரீஸ் தடவி, பெரிய ஸ்பேனர் போட்டு, மூச்சைப் பிடித்து இறுக்கினேன். சொட்டுவது நின்றது. துரையின் உயிரைக் காப்பாற்றிவிட்டதாக உள்ளூர ஒரு பெருமை.

மறுநாள் பின்னேரம் ஓட்டிக் காட்ட ஏற்பாடு. நான்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்: கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்கு மேலே ஏறுகிற செங்குத்தான ரோடு. ஏனென்றால் அந்த நேரத்தில் கொழுந்துச் சாக்குகளோடு தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் அங்கே நிற்பார்கள். வெற்றியைத் தனியாக அனுபவிக்கும் சுபாவம் எனக்கு எப்போதுமே இல்லை.

துரை வந்தார். அம்மா முன்வரிசையில் நின்றாள். செல்லையா அண்ணன் ட்ரெக்டரில் ட்ரெய்லரை மாட்டி மேட்டில் ஏற்றினார். நான் பக்கத்தில் நடந்துகொண்டே, "பாருங்க துரை, சக்கரம் எப்படி நேரா..." என்று ஆரம்பித்தேன்.

மேடு செங்குத்தாகிற இடத்தில் படகுக்குள்ளே பெரிய சத்தத்தோடு எதுவோ பின்பக்கம் ஓடியது. ட்ரெய்லரின் மூக்கு கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு மேலே எழும்பியது. படகின் பின்புறம் ரோட்டில் குந்தியது. படங்கு கிழிந்தது. பல மாதத்து மழை மொத்தமும் வெளியே வந்தது.

அவ்வளவு தண்ணீரை நான் வெள்ளத்தில்தான் பார்த்திருக்கிறேன். பச்சை நிறத்தில், தவளை, தலைப்பிரட்டை, அழுகிய இலை எல்லாம் சேர்த்துக்கொண்டு ரோட்டில் இறங்கி நேரே மடுவத்துக்குள் புகுந்தது. கொழுந்துச் சாக்குகள் நனைந்தன. கணக்கப்பிள்ளை தராசின் மேல் ஏறி நின்றார். (தராசு அவர் எடையைக் காட்டியது. எல்லாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.) ஒரு தவளை அம்மாவின் கூடையில் குதித்து உட்கார்ந்தது. அம்மா தவளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

துரை மெதுவாக இறங்கி வந்து, நான் இறுக்கிய மூடியைத் தொட்டுப் பார்த்தார். "மோகன், இது படகு நிக்கிற டைம்ல கழட்டி வைக்கிறது. மழைத் தண்ணி வெளிய போக. எனக்கும் தெரியாது. எக்சல் ஏன் வளைஞ்சதுன்னு இப்போ விளங்குது." பிறகு என்னைப் பார்த்தார். "போட் தண்ணில போகணும். தண்ணி போட்ல போகக் கூடாது."

மடுவமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் சேராமல் ஒருத்தி மட்டும் நனைந்த சாக்கோடு என் முன்னால் வந்து நின்றாள். பெயர் புஷ்பம்.

"கொழுந்துல ஈரம் இருந்தா கணக்கப்பிள்ளை நிறையில கழிக்கிறாரு. படகுல தண்ணி இருந்தது ஒங்க கோர்ஸுல தெரியலயா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் விளக்கம் இல்லை.

வேர்க்‌ஷாப் வேலை போயிற்று. நீலச் சட்டை இன்னொருவனுக்குப் போயிற்று. பேர் பதிய எனக்கு முகம் இல்லாததால் பெல்மதுளையில் ஒரு டயர் கடையில் சேர்ந்தேன். இன்று அதே சந்தியில் எனக்குச் சொந்தக் கடை. டயர் தேய்ந்து வருகிற எவரிடமும் முதலில், "வண்டியில என்ன ஏத்துறீங்க?" என்றுதான் கேட்பேன். புஷ்பத்தைக் கட்டிக்கொண்டேன். அவள் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

போன மாதம் என் வலது செருப்பு மட்டும் ஒரு பக்கமாகத் தேய ஆரம்பித்தது. செருப்புக் கம்பெனிகளின் தரம் கெட்டுவிட்டது என்று கண்டுபிடித்துப் புதுச் செருப்பு வாங்கினேன். அதுவும் அப்படியே தேய்ந்தது. ரப்பர் சரியில்லை என்று விளக்கினேன். புஷ்பம் என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் முழங்காலை அழுத்திப் பார்த்தார். "நீங்க சாஞ்சு நடக்கிறீங்க ஐயா, அதான் செருப்பு தேயுது. முட்டிக்குள்ள தண்ணி கட்டியிருக்கு. ஊசி போட்டு எடுத்துரலாம்."

புஷ்பம் சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் சொன்னாள்:

"இப்பவே எடுத்துருங்க டாக்டர். இவரை வீட்டுக்கு விட்டா மூடிய இன்னும் இறுக்கிருவாரு."