பங்காளி ரத்தம்

“கையை நீட்டும்” என்றார் ஆஸ்பத்திரி டிரெசர் கந்தப்பு.

அய்யாவு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். காலையில் விரல் நுனியில் குத்த விட்டதே தப்பாகப் போயிற்று. ஒரு சொட்டுதானே, சேரவில்லை என்று சொல்லிவிடுவார்கள், பிழைத்தோம் என்று நினைத்திருந்தான். அந்தச் சொட்டை அவன் மனைவி நல்லம்மாளின் ரத்தத்தோடு கண்ணாடிச் சில்லில் கலந்து பார்த்துவிட்டு, பொருந்துகிறது பொருந்துகிறது என்று குதிக்கிறார் இந்த யாழ்ப்பாணத்துக்காரர்.

“வேற ஆள் ரத்தம் ஏத்துங்கய்யா.”

“உம்மட ரத்தத்துக்கு என்ன குறை?”

வெளியில் சொல்லக்கூடிய விஷயமா அது?

நல்லம்மாளுக்கு வயிற்றில் கட்டி. பல மாதமாக உதிரம் போயிருக்கிறது. வாய் திறக்காமல் சோறாக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். பாசாருக்கு மீன் வாங்கப் போன இடத்தில் மீன்காரன் கூடை மேல் சாய்ந்த பிறகுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை வெள்ளைக்கார டாக்டர் துரை அறுத்து எடுக்கப்போகிறார். அதற்கு முன்னால் ரத்தம் ஏற்றாவிட்டால் கத்தியைத் தாங்க மாட்டாள் என்று சொல்லிவிட்டார்கள்.

நேற்றுச் சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் கள்ளுக்கடையில் இதை ராமலிங்கத்திடம் சொன்னதுதான் வினை. அய்யாவைப் போன்ற தண்டவாளக் கூலிகள் குடியிருக்கும் ரயில்வே லயத்தில் யாருக்கு யாரைக் கட்டலாம், யார் யாருக்கு என்ன முறை என்பதெல்லாம் ராமலிங்கம் சொன்னால் சொன்னதுதான். அவர் கள்ளுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“பங்காளின்னா யாருடா?”

“ஒரே ரத்தம்ண்ணே.”

“பங்காளி வீட்டுல பொண்ணு எடுப்பியா?”

“சே! அது தங்கச்சி முறையில்ல?”

“உன் ரத்தம் அவ ஒடம்புல ஏறிடுச்சுன்னா அப்புறம் அவ யாரு?”

அய்யாவுக்குக் குடித்த கள் அத்தனையும் இறங்கிவிட்டது.

கந்தப்பு விடுகிற ஆளாக இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேசை மேல் நின்ற இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் காட்டினார்.

“இது ஒரு சுகமான ஆளின்ர ரத்தம். அசையாமல் வைச்சால் இப்பிடித்தான் பிரியும். அடியில சிவப்பு. அது நெஞ்சில இருந்து காத்தை வாங்கி உடம்பெல்லாம் கொண்டுபோய்க் குடுக்கும்.”

“சாமான் வண்டி.”

“ஓம். நடுவில மெல்லிசா ஒரு வெள்ளை ஏடு தெரியுதே, அது நோய்க் கிருமியைப் பிடிச்சு விழுங்கும்.”

“போலீசு.”

“அதோட பொடிப் பொடியாத் துணுக்குகளும் இருக்கு. எங்கையாவது வெட்டினால் ஓடிப்போய் ஓட்டையை அடைக்கும்.”

“அட, அது நாங்க! தண்டவாளம் விட்டுச்சுன்னா நாங்கதான ஓடணும்!” அய்யாவுக்குத் தன்னை மறந்து சிரிப்பு வந்தது. “மேல இருக்கிற மஞ்சத் தண்ணி?”

“அதிலதான் எல்லாம் மிதந்து போகுது. சாப்பாட்டின்ர சத்தும் அதிலதான்.”

“கங்காணி எங்கய்யா?”

“கங்காணி இல்லை.”

“அதான் வேலை ஒழுங்கா நடக்குது.”

கந்தப்பு சிரிக்கவில்லை. அடுத்த குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “இது உம்மட மனுசியின்ர.”

முதல் குழாயில் சிவப்பு பாதிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. இதில் மேலே முழுக்க மஞ்சள் தண்ணீர். அடியில், கழுவாமல் விட்ட குழம்புச் சட்டியில் மிளகாய்த்தூள் தங்கினாற்போல் கொஞ்சம் சிவப்பு. இத்தனை கொஞ்ச ரத்தத்தை வைத்துக்கொண்டா இவள் விறகு பிளந்தாள், குழாயடியிலிருந்து இரண்டு வாளி தூக்கினாள்? அய்யாவு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“போன வருசம் என் தொடையில தண்டவாளம் விழுந்தப்ப, இதே ஆஸ்பத்திரியில ஏதோ சீமை மருந்து ஏத்தித்தான என்னப் பொழைக்க வச்சீங்க? அதையே இவளுக்கும் ஏத்துங்களேன்!”

“போன வருசம் நான் ஈப்போவில. எனக்கு ஒண்டும் தெரியாது. கையை நீட்டும்.”

தப்பிக்க ஒரு பொய் சொன்னான். “எனக்குப் போன மாசம் குளிர்காய்ச்சலுங்க.”

கந்தப்பு கையை விட்டுவிட்டார். “அதை முன்னமே சொல்ல வேணாமோ? அந்தக் கிருமி சிவப்பணுவுக்குள்ளதான் குடியிருக்கும். உம்மட ரத்தத்தோட அவவுக்கும் போயிடும்.” மறுபடி ஒரு குத்து. பூதக்கண்ணாடிக் குழலுக்குள் வெகுநேரம் பார்த்தார். “ஒரு கிருமியும் இல்லை. ஆனாலும் எதுக்கும் கொயினா குடியும்.”

வேப்பெண்ணெயே தேவலை என்கிற கசப்பு. வயிறு முழுக்கக் குடிக்க வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கொயினாவின் வேகத்தில் அய்யாவின் காதுக்குள் கிள்ளான் ரயில் இரைய ஆரம்பித்தது. நல்லம்மாளின் கட்டிலருகே போய் நின்று, “எப்படி இருக்கே?” என்று அவன் மெதுவாகத்தான் கேட்டான். வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“ஏம்ப்பா, இது ஆஸ்பத்திரியா ஆட்டுச்சந்தையா?” என்று சத்தம் போட்டாள் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா புஷ்பவல்லி.

நல்லம்மாள் வெளுத்த உதட்டால் சிரித்தாள். “அவர விடுங்கக்கா. ஊசின்னா பயம்போல. டிரெசரய்யாகிட்டச் சொல்லுங்க, கட்டாயப்படுத்த வேணாம்.”

“ஊசிக்கு நானா பயப்படறேன்?” என்று அதற்கும் கத்தினான். வேறு காரணம் சொல்ல முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் ரயிலேறிக் கிள்ளானில் இறங்கினான். அங்கிருந்து ஒரு மாட்டுவண்டிக்காரனைக் கெஞ்சிக் காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போனான். நல்லம்மாளின் அண்ணன் நாகையா அங்கே பால் வெட்டுகிறான். கூடப்பிறந்தவன் ரத்தம் என்றால் முறை கெடாது. ஒரே சங்கடம், அவனுக்கும் அய்யாவுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. கல்யாணப் பந்தியில் தனக்கு முதல் இலை போடவில்லை என்று அன்றைக்குத் துண்டை உதறிவிட்டுப் போனவன் நாகையா.

“என்னா, வழி தவறி வந்துட்டியா?” என்றான், மரத்தைப் பார்த்தபடியே.

“நல்லம்மாளுக்கு ரத்தம் வேணும் மச்சான். உங்க ரத்தம்.”

நாகையாவின் கத்தி மரத்திலேயே நின்றுவிட்டது. திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

“எவ்வளவு? வாளி எடுத்துக்கவா?”

வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பாத்திரம் பற்றாமல் போனால் என்ன செய்வது என்று பால் வாளியையும் தூக்கிக்கொண்டு வந்தான். ரயிலில் வழி நெடுக அதே பேச்சு. “நான் தெனமும் எத்தனை மரத்த வெட்டறேன்! எந்த மரமாவது மூஞ்சியச் சுளிச்சிருக்கா? நம்மள வெட்டுனா நாம சுளிக்கலாமா?”

கந்தப்பு அவன் விரலில் குத்தி, நல்லம்மாளின் சொட்டோடு கலந்தார். சில்லின் மேல் ரத்தம் திட்டுத் திட்டாகக் கூடிக்கொண்டது.

“திரிஞ்சிருச்சே!” என்றான் நாகையா. “பால்ல ஆசிட்டு விட்டாப்பல.”

“அதேதான். இதை ஏத்தினால் உம்மட தங்கச்சி இண்டைக்கே முடிஞ்சுது.”

“என் தங்கச்சிக்கு என் ரத்தம் ஆவாதா?” நாகையா தன் விரலைப் பார்த்தான். அங்கே இன்னொரு சொட்டு எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். கண் மேலே செருகி, வெட்டிய மரம்போலச் சாய்ந்தான். நெற்றி போய் அவனுடைய வாளி விளிம்பிலேயே மோதிப் பிளந்தது.

துணியை வைத்து அழுத்திப் பிடித்தபடி கந்தப்பு பெருமூச்சு விட்டார். “ரத்தம் குடுக்க வந்தவன் நிலத்துக்குக் குடுக்கிறான்.” கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. “பாத்தீரோ, உம்மட ஆக்கள் ஓட்டையை அடைச்சிட்டினம்.”

நாகையாவை நடையில் ஒரு பெஞ்சில் படுக்க வைத்தார்கள். அய்யாவு பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தான். பயம் இப்போது இரட்டிப்பு. கூடப்பிறந்தவன் ரத்தமே அவளுக்குச் சேரவில்லை. தன் ரத்தம் சேருகிறது. அப்படியென்றால் ஏற்றுவதற்கு முன்னாலேயே தான்தான் அவளுக்கு நெருங்கின பங்காளியா? இதை ராமலிங்கத்திடம் கேட்கலாமா? வேண்டாம். அவர் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

உள்ளே போனான். நல்லம்மாள் கண்ணை மூடிக்கொண்டு பேசினாள்.

“கருவாட்டுப் பானை மேல கல்லு வச்சீங்களா? பூனை வரும்.”

“வச்சேன்.”

“மழை நாள்ல தொடை வலிச்சா நல்லெண்ணெயக் காய்ச்சித் தடவிக்குங்க. தண்ணியில நின்னு வேலை செய்யாதீங்க.”

இவ்வளவு பேசியதற்கே மூச்சு வாங்கியது. அவள் கையைத் தொட்டான். சில்லென்று இருந்தது. சாமான் வண்டி வராத ஸ்டேஷன்.

தங்கச்சியாகப் போனால் போகட்டும். அடுத்த அறையில் இருக்கட்டும். அவள் இருமுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டால் போதாதா?

கந்தப்பு எதிரில் போய் நின்று கையை நீட்டினான்.

“எடுங்கய்யா.”

உறையாமலிருக்க மருந்துத் தண்ணீர் விட்டு வைத்த புட்டியில் அவனுடைய ரத்தம் இறங்கியது. அங்கிருந்து சொட்டுச் சொட்டாக அவளுக்குள் போனது. பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு சொட்டையும் பார்த்துக்கொண்டிருந்தான். புட்டி காலியாகிற நேரத்தில் அவள் காது மடலில் லேசாகச் சிவப்பு ஏறியது. பிறகு உதட்டில். அய்யாவு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“நல்லம்மா, நான் ஒண்ணு சொல்லணும். இனிமே நீ எனக்குப் பொண்டாட்டி இல்லே. தங்கச்சி. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? ஆனா உன்ன விட்டுற மாட்டேன். லயத்துல காலி அறை ஒண்ணு கேட்டு வாங்கித் தரேன். சோறு நானே ஆக்கிக்கறேன்.”

நெற்றிக் கட்டோடு வந்து நின்ற நாகையா அலறினான். “அப்ப நீ எனக்குத் தம்பியா? எனக்கு இருக்கிறது ஒரே ஒரு மச்சான்யா! இனிமே நான் யார்கிட்டக் கோவிச்சுக்குவேன்?”

விஷயம் விளங்கியதும் கந்தப்பு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இதுக்கோ இந்தப் பாடு? என்ன விசர்க் கதை! ஏத்தின சிவப்பணு சில மாசத்தில செத்துப்போகும் காணும். பிறகு அவவின்ர எலும்புக்குள்ள ஊறுறது அவவின்ர சொந்த ரத்தம்தான்.”

அய்யாவு யோசித்தான். “அப்போ சில மாசம் தங்கச்சி, அப்புறம் மறுபடி பொண்டாட்டியா? திரும்பத் தாலி கட்டணுமாய்யா?”

நல்லம்மாள் போர்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள். போர்வை குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா?

ஆயா புஷ்பவல்லி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு இடுப்பில் கையை வைத்தாள்.

“உன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு இவ என் தலையிலடிச்சுச் சத்தியம் வாங்கினா, இனி அடக்க முடியாது. போன வருசம் தண்டவாளம் விழுந்து நெனப்பில்லாம கெடந்தியே, உனக்கு ஏத்தினது சீமை மருந்தா? பக்கத்துல படுத்துக்கிட்டு இவ குடுத்த ரத்தம்யா அது!”