அவளுக்கு வாங்கிய பெரிய வாட்ச்

இந்த வீட்டில் ஒரு தடவையாவது நான் நினைத்தது நடக்க வேண்டும் என்று போன மாதம் என் தையல் மெஷின் மேல் அடித்துச் சத்தியம் செய்தேன். காரணம், எதிர்க்கடை சலூன்காரர் கையில் மின்னிய ஸ்மார்ட்வாட்ச். தட்டினால் மணி, தடவினால் நாடித்துடிப்பு. மனுஷன் அதைக் காட்டிக் காட்டியே முடி வெட்டியதில் இரண்டு பேருக்குக் காதோரம் கோணலாகிவிட்டது.

எனக்கும் வேண்டும் என்றேன் வீட்டுக்காரியிடம்.

"எதுக்கு? சுவத்துலதான் கடிகாரம் ஓடுதே!"

"சுவத்தைக் கையில கட்டிக்கிட்டா போக முடியும்?"

"டாக்டர் தினம் அரை மணி நேரம் நடக்கச் சொன்னாரே, அதைப் பாருங்க முதல்ல."

"நடந்துக்கிட்டுதானேடி இருக்கேன்!"

பொய்யில்லை. தெருமுனை பேக்கரி வரைக்கும் நடப்பேன். மிச்ச நேரம் கிரீம் பன், டீ. என் சொர்க்கமே அந்த அரை மணி நேரம்தான்.

அவள் பிறந்தநாள் வந்தது. எனக்கு மூளை வேலை செய்தது. அவளுக்கென்று சொல்லி, என் கை அளவில் வாங்கிவிட்டால்? தொளதொளவென்று தொங்கினால் என்னிடம்தானே வந்தாக வேண்டும்!

வாட்ச் கடைப் பெண் மணிக்கட்டை அளக்கும் காகிதப் பட்டையோடு வந்தது. கையை நீட்டினேன்.

"யாருக்கு அங்கிள்?"

"என் வீட்டுக்காரிக்கும்மா."

"அப்ப உங்க கையை எதுக்கு நீட்டுறீங்க?"

"முப்பது வருஷமா அவளைப் பிடிச்ச கை. ரெண்டும் ஒரே அளவுதான்."

சிரிப்பை முழுங்கிக்கொண்டு, மேசைக்கு அடியில் தனியாக வைத்திருந்த ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரி நம்பட்டும் என்று வாட்சுக்கு சிம்மும் போட்டு, அவள் போனோடு நானே இணைத்தும் கொடுத்தேன். கட்டிப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். வாட்ச் சறுக்கிக்கொண்டு முழங்கைக்கே போய்விட்டது.

"ஊருக்கெல்லாம் அளவெடுக்குற மனுஷனுக்குப் பொண்டாட்டி கை அளவு தெரியலையா?"

"தையக்காரன் புத்தி, கொஞ்சம் தாராளமா விட்டுட்டேன். துணியா இருந்தா பிடிச்சுத் தைச்சிடலாம்..." முகத்தைத் தொங்கப்போட்டேன். உள்ளுக்குள் மேளம்.

"மாத்திட்டு வாங்க."

மேளம் நின்றது. "மாத்த மாட்டாங்களாமே!"

"அடப்பாவமே. வீணாவா போடுறது? நீங்களே கட்டிக்குங்க."

கட்டினேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. அன்று சலூன்காரர் முன்னால் பதினேழு தடவை மணி பார்த்தேன்.

மறுநாள் பேக்கரியில் பன்னை வாய்க்குக் கொண்டுபோகிறேன், மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தது. உள்ளே அவள் குரல்!

"என்னங்க, நடக்குறீங்களா?"

"மூச்சு வாங்க வாங்க நடக்குறேன்!"

"நூத்திப் பன்னெண்டு அடியிலேயே நிக்குதே? அதுவும் பேக்கரிக்குள்ள!"

பேக்கரியே திரும்பிப் பார்த்தது.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"என் போன்ல தெரியுது. நீங்கதானே இணைச்சீங்க? நீங்க கடைக்குப் போறதுக்கு முந்தின நாளே உங்க சட்டைக் கையைக் காட்டி, இந்த அளவுல ஒண்ணு எடுத்து வைம்மா, பொண்டாட்டிக்குன்னு சொல்லிக்கிட்டு வருவாருன்னு கடைப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு வந்தேன்."

"வேண்டாம்னு நீதானேடி சொன்னே!"

"நானா வாங்கி, என் போனோட இணைச்சுக் கொடுத்திருந்தா கட்டியிருப்பீங்களா?"

"நான் இப்படிப் பண்ணுவேன்னு எப்படி நெனச்சே?"

"முப்பது வருஷமா என் பிறந்தநாளுக்கு நீங்க வாங்குனது எல்லாமே உங்க அளவுலதானே இருந்துச்சு! பன்னை வச்சுட்டு எழுந்திரிங்க."

பன்னைத் தட்டில் வைத்தேன்.

"இன்னொரு கையில இருக்குறதையும்" என்றது வாட்ச்.