ஆறு கோழிகளும் ஒரு வரவேற்பும்

மனைவி இருபத்திரண்டு மாதம் கழித்து விமானத்தில் வந்து இறங்குகிறாள். புருஷன்காரன் எங்கே இருக்க வேண்டும்? விமான நிலைய வாசலில். நான் அன்றைக்கு மாடம்பாக்கத்தில் எங்கள் வாடகை வீட்டின் பின்பக்கம், கோழி அறுப்பதற்காகத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் புத்தி மட்டு என்பதை என் மாமனார் அதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். தெருவுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

ஸ்டெல்லா நர்ஸ். கல்யாணமான எட்டாவது மாதம் மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள். நான் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்து பூட்டைத் திறந்தால், காலையில் கழுவாமல் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். யாராவது நகர்த்தியிருக்க மாட்டார்களா என்றிருக்கும். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுவோம். சேர்ந்து வாழ்ந்த நாட்களைவிடப் போனில் பார்த்துக்கொண்ட நாட்கள் அதிகமாகிவிட்டன.

ஒரு நாள் அவள் சாப்பிட்டுக்கொண்டே பேசினாள்.

"இங்க கோழி பஞ்சு மாதிரி இருக்குங்க. நம்ம நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு!"

"லீவுல வா. நானே வளர்த்து, நானே அறுத்து, நானே குழம்பு வைக்கிறேன்" என்றேன்.

(ஒரு மனிதன் ஒரே மூச்சில் மூன்று முறை 'நானே' என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் தடுக்க வேண்டும். பக்கத்தில்தான் யாருமே இல்லையே.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் கூடையோடு வந்தவரிடம் எட்டுக் குஞ்சுகள் வாங்கினேன். கம்பெனியில் தூக்கிப் போட்ட மரப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து கூண்டு அடித்தேன். முதல் வாரத்தில் ஒன்றைக் காக்கா தூக்கிப் போனது. வலை கட்டினேன். வலைக்கு அடியில் புகுந்து கீரி ஒன்றைக் கொண்டுபோனது. மிச்சம் ஆறு.

பக்கத்து வீட்டு தேசிங்கு அண்ணன்தான் எங்கள் வாடகை வீட்டுக்குச் சொந்தக்காரர். இந்த மனைகளெல்லாம் வயலாக இருந்தபோது அதில் ஏர் ஓட்டிய குடும்பம். மதில் மேல் கையை ஊன்றி என் பண்ணையை மேற்பார்வை பார்ப்பார்.

"கோய்க்கு கம்பு போடு தம்பி. நீ இன்னாடான்னா பக்கத்துல குந்திகினு பேசிகினு கீறே!"

உண்மைதான். சாயங்காலம் உடைத்த கம்பைத் தூவிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவேன். சூப்பர்வைசர் திட்டியது, ரயில் தாமதமானது, ஸ்டெல்லாவுக்கு லீவு கிடைக்குமா கிடைக்காதா என்பது எல்லாம் கோழிகளிடம் போகும். அவை தலையைச் சாய்த்துக் கேட்கும். (கம்பு தீரும் வரை.) அவற்றை வளர்த்த ஐந்து மாதத்தில் அந்த வீட்டில் என் குரல் கேட்டு ஓடி வந்த உயிர்கள் அவைதான். இதில் இருக்கும் ஆபத்து எனக்கு அப்போது உறைக்கவில்லை.

லீவு கிடைத்தது. மகளை அழைத்துவர மாமனாரை அனுப்பினேன். வீட்டுக்குள் அவள் நுழையும்போது குழம்பு வாசனை வர வேண்டும் என்பது என் திட்டம். அவளைப் பார்த்ததும் சொல்லக் கண்ணாடி முன் நின்று நான்கு வாக்கியங்கள் மனப்பாடம் செய்திருந்தேன். அதில் ஒன்று ஏறக்குறைய கவிதை.

அறுப்பதற்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து தீனி போடக் கூடாது என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். போடவில்லை. விளைவு, காலையில் கத்தியோடு கூண்டைத் திறந்ததும் ஆறும் பாய்ந்து வந்து என் காலைச் சூழ்ந்துகொண்டன. பெரிய சேவலைத் தூக்கி மடியில் வைத்தேன். அது திமிறவே இல்லை. வழக்கமான பேச்சு வரும் என்று காத்திருந்தது.

கத்தியை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். அடுப்பில் தண்ணீர் பாதியாக வற்றிவிட்டது. போனில் மாமனாரின் செய்தி: 'கேம்ப் ரோடு தாண்டியாச்சு.' இன்னும் பத்தே நிமிடம்.

கத்தியை மறுபடி எடுத்தபோது மதிலுக்கு மேலிருந்து தேசிங்கு அண்ணன் குரல் இடியாக இறங்கியது.

"இன்னாப்பா, இன்னுமா ஆவுல?"

நான் துள்ளினேன். சேவலும் துள்ளியது. மதிலில் ஏறி, கேட்டுக்கு மேலாகப் பறந்து, தெருவில் இறங்கி ஓடியது. நானும் ஓடினேன். மடித்துக் கட்டிய லுங்கி, மேலே சட்டை இல்லை, தலையில் இறகு. கையில் கத்தி இருப்பது மட்டும் எனக்கு நினைவில்லை.

தெருமுனையில் ஒரு வாடகைக் கார் திரும்பியது. என்னைப் பார்த்ததும் நின்றது. நான் நெருங்க நெருங்கப் பின்னால் போனது. டிரைவர் ஜன்னலை ஏற்றிக்கொண்டே கத்தினார்.

"மேடம், கதவ தொறக்காதீங்க! எவனோ கத்தியோட வரான்!"

பின்சீட்டிலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. போன் திரையில் கட்டைவிரல் அளவுக்கே பார்த்துப் பழகிய முகம்.

"அண்ணா, நிறுத்துங்க. அவர் என் வீட்டுக்காரர்."

டிரைவர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "மேடம்... நல்லா பாத்துச் சொல்லுங்க."

முன்சீட்டில் மாமனார் கண்களை மூடிக்கொண்டார். ஜெபமாகத்தான் இருக்க வேண்டும்.

ஸ்டெல்லா இறங்கினாள். மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. அதைத் திரையில் காட்டாமல் இவ்வளவு நாள் மறைத்திருக்கிறாள். நான்கு வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. இருபத்திரண்டு மாதம் கழித்து என் மனைவியிடம் நான் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"கோழி போயிடுச்சு."

அவள் என்னையும் கத்தியையும் பார்த்தாள். உதடு துடித்தது.

"பரவால்ல. நான் வந்துட்டேங்க" என்றாள்.

கத்தியைத் தேசிங்கு அண்ணன் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நான் குளியலறைக்குள் ஒளிந்துகொள்ள, மூன்று கோழிகளைப் பத்து நிமிடத்தில் முடித்தார். வெந்நீரில் முக்கி, இறகு பறித்து, மஞ்சள் தடவி, தீயில் வாட்டிக் கொடுத்தார். குழம்பை, பயணக் களைப்போடு, ஸ்டெல்லாவே வைத்தாள். மூன்று 'நானே'யில் எனக்கு மிஞ்சியது ஒன்றுதான்.

மத்தியானம் அவள் மூன்று முறை சோறு வாங்கிக்கொண்டாள். எலும்பைக் கடித்தபடியே அழுதாள். காரம் என்றாள். நான் மோர் சாதத்தோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தேன். அவள் ஒரு துண்டைப் பிய்த்து என் வாயருகே நீட்டினாள். மாமனார் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே எதையோ ஆராயத் தொடங்கினார். வாங்கிக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது. (அதுதான் இன்னமும் உறுத்துகிறது.)

சாயங்காலம் சேவல் தானாகவே நடந்து வந்து கேட்டுக்கு வெளியே நின்று கூவியது. அதற்கப்புறம் அதன் மேல் யாரும் கை வைக்கவில்லை.

மாமனார் இன்றைக்கும் என்னை உறவினர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது, "டிரைவர் நல்லா பாத்துச் சொல்லச் சொன்னாரே, அந்த மாப்பிள்ளை" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

முப்பது நாள் லீவு முடிந்து அவளை விமான நிலையத்தில் விடப் போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் பெட்டியோடு நின்று திரும்பிப் பார்த்தாள். போகாதே என்று சொல்ல முடியாது. பத்திரமாகப் போய் வா என்று சொல்ல வாய் வரவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து வாயசைத்தேன்: "கோழி போயிடுச்சு." அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் இன்னும் மஸ்கட்டில்தான் இருக்கிறாள். வருடத்துக்கு ஒரு லீவு. வாரத்தில் ஒரு நாளாவது, ஷிப்ட் முடிந்து வந்து பூட்டைத் திறந்தபடி அவளுக்கு அந்த இரண்டு வார்த்தைகளை அனுப்புகிறேன். அங்கே டியூட்டிக்கு நடுவில் எப்போது நேரம் கிடைக்கிறதோ அப்போது பதில் வரும்:

"வந்துட்டேங்க."

வந்திருக்க மாட்டாள். வாசல் கேட்டு வரைக்கும் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவேன்.