மந்திரி நானாவும் பட்டியலில் இல்லாத மந்திரங்களும்

நெருப்புக் கக்கும் டிராகன் ஒன்றை 'நாளைக்கு வாங்க' என்று சொல்லியே சாகடித்த மனிதர் இலங்கையில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் மந்திரி நானா. வாளும் இல்லை, வில்லும் இல்லை. கண்ணாடியில் கீறல் விழுந்த ஒரு கைபேசி மட்டும்தான் ஆயுதம்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. புத்தளத்தில் ஒரு நில அளவையாளரின் கந்தோரில் நாங்கள் மூன்று பேர் வேலை செய்தோம். நான் உடப்பிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் தட்டச்சுக்காரன். கற்பிட்டிப் பக்கத்துச் செபஸ்தியான், காணிகளுக்குப் போய் அளவு பிடிப்பவன். நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டவர், காணிப் படம் கீறுபவர். மன்னார்ப் பக்கத்தில் பிறந்தவர். யுத்த காலத்தில், பத்தொன்பது வயதில், ஊர் முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வள்ளத்தில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியவர். அடுத்தவர் காணிகளுக்கு எல்லை கீறியே அவருடைய தலை நரைத்துவிட்டது.

செபஸ்தியான் இரண்டு வருடம் கப்பலில் வேலை செய்துவிட்டு வந்தபோது இருபது முகமுள்ள ஒரு பகடையும் ஒரு விளையாட்டும் கொண்டுவந்தான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் இப்படிச் செய்கிறேன்' என்று சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். பாத்திரத்தின் பலம், காயம், தெரிந்த மந்திரம் எல்லாம் கைபேசியில் ஒரு தாளாக இருக்கும். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் படம் கீறும் மேசையில் உட்காருவோம். செபஸ்தியான் கதை நடத்துவான். நான் வாள்வீரன். நானா மந்திரவாதி.

மந்திரப் பட்டியல் அந்தத் தாளிலேயே ஆயத்தமாக இருந்தது. நெருப்பு உருண்டை, மின்னல், ஆளை மறைப்பது. விரலால் தட்டினால் போதும். நானா தட்டவில்லை. பட்டியலைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தார். அடியில், சொந்தமாக மந்திரம் சேர்க்க ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் ஒரு வெற்றுப் படிவம் வந்தது: பெயர், எத்தனையாம் படி, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் நிற்கும், என்ன வகைக் காயம்.

"படிவமா? விடுங்க தம்பி" என்றார் நானா. "வாழ்க்கை முழுக்க நிரப்பினது இதுதானே."

அவருடைய முதல் மந்திரத்தின் பெயர் 'ஐயாவைக் கதிரையில் இருத்தல்'. தேடிப் போகும்போது அதிகாரி இடத்தில் இருப்பதற்கு. தூரம், ஒரு மாவட்டக் கச்சேரிக் கட்டடம். நேரம், ஐந்து நிமிடம்.

"அஞ்சு நிமிசம் காணுமா நானா?" என்று கேட்டான் செபஸ்தியான்.

"அதுக்கு மேல எந்த மந்திரத்துக்கும் அவர் இருக்க மாட்டார்."

இரண்டாவது, 'உப்புக்காற்று விலக்கு'. சைக்கிள் துருப்பிடிக்காமல் இருப்பதற்கு. இந்தக் கதையில் சைக்கிளே கிடையாது என்று செபஸ்தியான் தலையில் அடித்துக்கொண்டான். "அப்ப குகைக்கு எப்பிடிப் போறது? பஸ் ஓடுதா?" என்று கேட்டார் நானா. அன்றிலிருந்து எங்கள் மந்திரவாதி சைக்கிளில்தான் போனான். பின்னால் கரியரில் வாளைப் பிடித்துக்கொண்டு நான்.

மந்திரம் எழுதுபவர் மந்திரியானார். ஒருநாள் ஒரு அரச கந்தோர் வாசலில் நின்று செபஸ்தியான், "மந்திரி உள்ளுக்கு வந்திட்டாரா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். உள்ளே இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவர் சேர்ட்டை உள்ளே விட்டார். வந்தது அமைச்சர் அல்ல, படம் கீறும் நானா என்று தெரிந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நானாவின் வேலையை அன்று யாரும் செய்துகொடுக்கவில்லை.

நோன்பு மாதத்தில் அவருடைய மந்திரவாதியும் நோன்பு பிடித்தான். பூதம் ஒன்று அடித்துப் போட்டு, உயிர் போகிற நிலையில் கிடந்தான். என் வாள்வீரன் மருந்துக் குப்பியை வாயருகில் கொண்டுபோனான்.

"வேணாம்" என்றார் நானா. "நோன்பு திறக்கிற மஃரிபுக்கு இன்னும் ரெண்டு மணித்தியாலம் கிடக்கு."

"சுகமில்லாத ஆள் குடிக்கலாந்தானே நானா?" என்றேன்.

"நெசமான ஆளெண்டா குடிக்கலாம். அல்லாஹ் மேல இவன்ட ஈமான் கொஞ்சம் கூட."

மந்திரவாதி செத்தான். பெருநாள் முடிந்து அடுத்த சனிக்கிழமை, அவனுடைய தம்பி என்று சொல்லி அதே மந்திரங்களோடு இன்னொருவனைக் கொண்டுவந்தார்.

அந்தத் தம்பிதான் டிராகனை எதிர்கொண்டவன். என் வாள் உடைந்துபோயிருந்தது. நானா படிவத்தைத் திறந்து புதிய மந்திரம் எழுதினார். பெயர், 'நாளைக்கு வாங்க'. காயத்தின் வகைக்கு நெருப்பு, குளிர், மின்னல், நஞ்சு என்று ஒரு பட்டியல் இருந்தது. "அலைச்சல் எண்டு ஒண்டு இல்லையே" என்று தேடினார். கடைசியில் நஞ்சு என்பதைத் தட்டினார். பகடையில் ஆகக்கூடிய எண்ணான இருபது விழுந்தது.

டிராகன் திரும்பிப் போய் மறுநாள் வந்தது. நானா பிறப்புச் சான்றிதழ் கேட்டார். அதற்கடுத்த நாள் போட்டோ கொப்பி. பிறகு, கொப்பியில் கிராம விதானையின் கையெழுத்து. பிறகு விதானை லீவு. நாங்கள் மேசையில் விழுந்து சிரித்தோம். ஏழாம் நாள் டிராகன் குகை வாசலிலேயே படுத்துச் செத்தது. நானா மட்டும் சிரிக்கவில்லை. அதன் ஃபைலை மூட இன்னொரு கையெழுத்து வேண்டும் என்றார்.

இதெல்லாம் அவருக்கு எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

வடக்கே அவருடைய வாப்பாவின் காணி கிடந்தது. அரை ஏக்கர், ஒரு கிணறு. காணி உறுதிப்பத்திரம் எரிந்துபோனது. ஏழு வருடமாக மாதத்துக்கொரு முறை அங்கே போய்வந்தார். நீங்கள் இப்போது புத்தளத்துக்காரர் என்று அங்கே சொன்னார்கள். நீங்கள் மன்னார்க்காரர்தானே என்று இங்கே சொன்னார்கள். ஒருவழியாக விசாரணைக்குக் கடிதம் வந்தது. ஞாபகத்திலிருந்தே காணியின் படத்தைக் கீறினார். அவர் கீறியதிலேயே அழகான படம் அது. நானும் செபஸ்தியானும் வெகுநேரம் அதை ரசித்துப் பார்த்தோம்.

போய்வந்த மறுநாள், "என்னவாம் நானா?" என்று கேட்டேன்.

"படம் நல்லா இருக்காம்."

"பிறகு?"

"பக்கத்துக் காணியில இருந்த ரெண்டு சாட்சி வேணுமாம். அந்தக் காலத்திலருந்து இண்டைவரைக்கும் அங்கயே குடியிருந்த ஆக்களா இருக்கோணுமாம்."

"கூட்டிக்கொண்டு போங்களன்."

"பக்கத்துக் காணிக்காரங்களும் எங்களோட அதே வள்ளத்துலதான் தம்பி வந்தாங்க."

அந்தச் சனிக்கிழமை அவர் தாளைத் திறந்து தன் மந்திரங்களை ஒவ்வொன்றாக அழித்தார். செபஸ்தியான் தடுக்கப் பார்த்தான். கேட்கவில்லை. பட்டியலுக்குப் போய் நெருப்பு உருண்டையைத் தட்டினார்.

"இது லிஸ்ட்ல உள்ளது. இதுக்கு யாரும் சாட்சி கேக்க மாட்டாங்க."

மூன்று மாதம் நெருப்பு உருண்டைதான் வீசினார். எல்லாம் செத்தன. யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சனிக்கிழமையே பிடிக்காமல் போனது.

இரண்டாம் விசாரணைக்குத் துணைக்கு வருகிறோம் என்று சொல்லி நாங்களும் லீவு போட்டோம். நாங்கள் மனதில் வைத்திருந்ததை நானாவிடம் சொல்லவில்லை. அதிகாரி சாட்சி கேட்டதும் செபஸ்தியான் எழுந்தான்.

"நான் இருக்கிறன் ஐயா. பக்கத்துக் காணி."

"நானும்தான். மற்றப் பக்கம்" என்றேன்.

நானா வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்தார். அதிகாரி எங்கள் வயதைக் கேட்டு விரல்விட்டு எண்ணினார். "இவையள் ஊரை விட்டுப் போன நேரம் உங்களுக்கு ஏழு வயசு."

"ஓம் ஐயா. ஆனா நல்ல ஞாபகம்" என்றான் செபஸ்தியான்.

அதிகாரி என்னை வெளியே அனுப்பி அவனிடம் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார். "காணியில கிணறு எந்தப் பக்கம்?"

அவ்வளவு ரசித்துப் பார்த்த படத்தில் நான் அதை மட்டும் கவனிக்கவில்லை. மேற்கு என்றேன். செபஸ்தியான் கிழக்கு என்று சொல்லியிருந்தான்.

அதிகாரி பேனையை வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. "பொலிசுக்கு எழுதாமல் விடுறன், போங்கோ" என்றார். ஆனால் ஃபைலில், சாட்சிகள் நம்பத்தகாதவர்கள் என்று எழுதி மூடினார். அந்தக் காணி அதற்குப் பிறகு நானாவுக்குக் கிடைக்கவே இல்லை. இன்று அதில் வேறு யாருடையதோ வேலி.

திரும்பும் வழியில் மதவாச்சியில் பஸ் மாற இறங்கியபோது நானா கடையில் மூன்று பிளேன்டீ சொன்னார். பாதி குடித்த பிறகு, "வடக்கு" என்றார்.

"என்ன நானா?"

"கிணறு. வடக்கு மூலையில." கிளாசை மேசையில் வைத்தார். "பொய் சொல்ல வாறதெண்டா முதல்ல என்னட்டக் கேட்டிருக்கக் கூடாதாடா?"

ஆறு வருடம் ஒரே மேசையில் இருந்தும் எங்களை 'நீங்க' என்று மட்டுமே சொன்னவர். அந்த 'டா'வைக் கேட்டதும் செபஸ்தியான் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.