துடைப்பக் கம்பில் சிக்கிய பூமி

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் விண்வெளியிலிருந்து ஒரு படம் வந்தாக வேண்டும். வராவிட்டால் பின்னறை கையை விட்டுப் போய்விடும். லிஃப்ட் மெக்கானிக்குக்கும் அவர் மனைவிக்கும் இதுதான் ஒப்பந்தம்.

பின்னறை என்றதும் அறை என்று நினைத்துவிடாதீர்கள். உயிர்போன கம்ப்யூட்டர்கள் பதினொன்று, வால் அறுந்த கீபோர்டுகள், எதற்கு வாங்கினோம் என்று அவருக்கே மறந்துபோன மோட்டார்கள். ஒரு காலை உள்ளே வைத்தால் இன்னொரு கால் வெளியே காத்திருக்க வேண்டும். தெருவில் அவருக்கு 'விஞ்ஞானி' என்று பெயர். அது மரியாதைக்கு வைத்த பெயர் இல்லை என்பது அவருக்கு மட்டும் தெரியாது.

மனைவி கணக்கு டீச்சர். சமையலறை மேசையில் உட்கார்ந்து லேப்டாப்பில் பாடம் எடுக்கிறாள். "எக்ஸ் எவ்வளவு?" என்று கேட்டால் குக்கர்தான் முதலில் பதில் சொல்லும். பாவம், அவளுக்கு ஓர் அறை வேண்டும்தான். மனிதருக்கு அது புரியாமல் இல்லை. மனசுதான் வரவில்லை.

காலை பத்து மணி. அளவு டேப்பை வெட்டித் துடைப்பக் கம்பில் கட்டிய ஆன்டெனாவைத் தெற்கே நீட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நின்றார். வானிலைச் செயற்கைக்கோள் தன் பாட்டுக்குக் கடந்து போயிற்று. திரையில் வெறும் புள்ளிகள்.

"என்னங்க, இதுதான் பூமியா?"

"கிண்டல் பண்ணாதே. சிக்னல் வீக்கு."

"எந்தப் பக்கம் காட்டினீங்க?"

"தெற்கே. அங்கேயிருந்துதான் மேலே ஏறி வரும். நேத்து சாயங்காலம் அப்படித்தானே வந்துச்சு?"

"நேத்து ஏறினது இன்னிக்கு இறங்காதா? உங்க லிஃப்ட் எல்லாம் மேலே போனா அங்கேயே குடித்தனம் பண்ணுதா?"

இருபது வருஷம் லிஃப்ட்டோடு மாரடித்த மனுஷன். இது அவருக்குத் தோன்றவே இல்லை.

"சாயங்காலம் தெற்கேயிருந்து வடக்கே போகும். காலையில வடக்கேயிருந்து தெற்கே வரும். உலகத்தைச் சுத்துதுங்க, வேறென்ன பண்ணும்? நூறு நிமிஷத்துல மறுபடி வரும். கம்பை நான் பிடிக்கிறேன், நீங்க திரையைப் பாருங்க."

பதினொன்று நாற்பது. அவள் கம்பை வடக்கே நீட்டினாள். உச்சி வெயில். கை கடுக்கிறது, வியர்வை கண்ணில் இறங்குகிறது. கம்பைத் தாழ்த்தாமல் வடக்கிலிருந்து தலைக்குமேலே, பிறகு தெற்கே என்று மெதுவாகத் திருப்பினாள். லேப்டாப் 'டக் டக்' என்றது. வரி வரியாகப் படம் இறங்கியது. மேகம். கரை. கடல்.

"வந்துடுச்சு! ஐயோ, வந்துடுச்சு! இந்த மேகத்தைப் பாரேன், நம்ம தலைக்குமேலே நிக்குதே, அதேதான்!"

மேலே பார்த்தார். அதேதான். கண் கலங்கிவிட்டது.

"நீ மட்டும் இல்லேன்னா நான் இன்னும் தெற்கையே பார்த்துட்டு நின்னிருப்பேன். நீ எனக்குக் கிடைச்சது நான் செஞ்ச புண்ணியம்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க." அவள் தன் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "நீங்க ஜெயிச்சுட்டீங்க. அறை உங்களுக்குத்தான். நான் குக்கர் பக்கத்துலேயே உட்கார்ந்துக்கறேன்."

அவ்வளவுதான், மனிதர் உருகிவிட்டார்.

"பேசாதே! அறை உனக்கு."

"வேணாங்க. ஒப்பந்தம்னா ஒப்பந்தம்."

"நான் சொல்றேன்ல? இன்னிக்கே காலி பண்றேன்!"

"நீங்க இவ்வளவு கட்டாயப்படுத்தினா நான் என்ன செய்ய?"

தன் பெருந்தன்மையைத் தானே மெச்சிக்கொண்டு, சாவியைச் சுழற்றியபடி படியிறங்கினார். பின்னறை வாசலில், புத்தக அலமாரிக்கான பலகைகளைச் சாய்த்து வைத்துவிட்டுத் தச்சர் உட்கார்ந்திருந்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார்.

"படம் வந்துடுச்சு போலிருக்கே! வராட்டி சார் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திறப்பாரு, வந்தா சிரிச்சுக்கிட்டே திறப்பாரு, எப்படியும் பன்னெண்டு மணிக்குத் திறந்துடுவாருன்னு அம்மா போன வாரமே சொல்லிட்டாங்க."